சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் 15,349-ஆ, 16,700-ஆ? 18 மணி 40 நிமிஷம் எங்கிருந்து வருது?

#1 மெரினா_காற்று

சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்டிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. ஏர்போர்ட்டுக்குப் போகிற நேரடி விமானத்தைப் பற்றி ஒரு கணக்கு உதைக்குது. தூரம் காட்டுற தளங்கள்ல 15,349 கி.மீ.ன்னு இருக்கு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட அறிவிப்புல 16,700ன்னு இருக்கு. வேகம் மணிக்கு 900ன்னு வச்சு 15,349-ஐ வகுத்தா 17 மணி நேரம்தான் வருது. திரும்பி வர்ற டிக்கெட்ல 18 மணி 40 நிமிஷம். எது தப்பு? இன்னொன்னு: சென்னையிலிருந்து இந்த வழியா போறது சுத்தா, சுருக்கா?

#2 கணக்குப்பிள்ளை

எதுவும் தப்பில்லை. மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கான பதில். முதலில் 15,349-ஐ முடித்துவிடலாம். மற்றதை விமானத் துறைக்காரர்கள் சொல்லட்டும்.

பூமி உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நூலை இறுக்கிப் பிடித்தால் கிடைப்பது பெருவட்டத் தூரம்.

சாங்கி: வடக்கு 1.359, கிழக்கு 103.989
ஜே.எஃப்.கே.: வடக்கு 40.640, மேற்கு 73.779

மேற்கு என்பதால் 73.779-க்கு முன்னால் கழித்தல் குறி. தீர்க்கரேகை வித்தியாசம் 177.768 டிகிரி. அதாவது இரண்டு ஊரும் உருண்டையின் நேர் எதிரெதிர்ப் பக்கத்துத் தீர்க்கரேகைகளில், 2 டிகிரி சொச்சம் குறைவாக உட்கார்ந்திருக்கின்றன.

கோணத்தின் கொசைன் = (சைன் 1.359 × சைன் 40.640) + (கொசைன் 1.359 × கொசைன் 40.640 × கொசைன் 177.768) = 0.01545 − 0.75802 = −0.74257. அதற்குரிய கோணம் 137.95 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.195 கி.மீ. வைத்தால் 15,340.

தளங்கள் காட்டும் 15,349-க்கும் இதற்கும் 9 கி.மீ. இடிக்கிறதே என்றால், நான் பூமியைச் சரியான உருண்டையாக (ஆரம் 6,371) எடுத்தேன். அவர்கள் துருவத்தில் தட்டையான நிஜ வடிவத்தை எடுக்கிறார்கள்.

எக்செலில் போடுகிறவர்கள் வழுக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, எக்செலுக்கு டிகிரி தெரியாது, ரேடியன்தான், விடை 2.4077 என்று வந்தால் அதை 6,371-ஆல் பெருக்குங்கள். இரண்டு, 40 டிகிரி 38 நிமிடம் என்பதை 40.38 என்று அடித்துவிடுவது, அது 40.63. சுமார் 28 கி.மீ. நழுவும். மூன்றாவதுதான் வேடிக்கை. மேற்குக்குக் கழித்தல் குறி போட மறந்தால் விடை 5,320 கி.மீ. வரும். அது கிர்கிஸ்தானில், ஓஷ் நகருக்குக் கிழக்கே ஒரு மலைப்பகுதி.

#3 சாங்கி_03

பிள்ளைவாள், இந்த ஜோடிக்கு சூத்திரமே வேண்டாமே. ரெண்டு ஊரும் கிட்டத்தட்ட எதிரெதிர் தீர்க்கரேகைங்கறதால வடதுருவம் நடுவுல வந்துடுது. சாங்கியிலிருந்து துருவம் வரைக்கும் 90 − 1.36 = 88.64. துருவத்திலிருந்து ஜே.எஃப்.கே. வரைக்கும் 90 − 40.64 = 49.36. கூட்டினா சரியா 138 டிகிரி. 111.2-ஆல பெருக்கினா 15,345. துருவத்து உச்சியிலேயே கால் வச்சுட்டுப் போனாலும் உங்க விடையைவிட 6 கி.மீ.தான் கூடுதல். கடல்மைல் வேணும்னா 138 × 60 = 8,280. மனக்கணக்கு.

#4 கணக்குப்பிள்ளை

அழகு. ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெருவட்டம் சாங்கியில் கிளம்பும் திசை 357.5 டிகிரி, அதாவது ஏறக்குறைய நேர் வடக்கு. துருவத்துக்கு 280 கி.மீ. பக்கத்தில் போய்த் திரும்பும். மங்கோலியா, பைக்கால் ஏரிப் பக்கம், சைபீரியா, ஆர்க்டிக், பிறகு கிரீன்லாந்தின் வடமேற்கு, கனடாவின் பாஃபின் தீவு, கியூபெக் என்று கோடு இறங்கும். சுவரில் மாட்டுகிற வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

#5 பட்டிமன்றம்

எல்லாம் சரிங்க, ஆனா விமானம் அந்தப் பாதையில போறதே இல்லையே! ஜப்பான் பக்கமா பசிபிக் மேல போகுது. திரும்பி வரும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியா வருது. என் கருத்து: பூமி கிழக்கு நோக்கிச் சுத்துது. மேற்கே பறந்தா ஊர் நம்மை நோக்கி வரணும். அதை ஏன் யாரும் பயன்படுத்திக்கறதில்லை?

#6 டிஸ்பாட்ச்_மேசை

பட்டிமன்றம் சார், சுற்றுவது தரை மட்டுமல்ல, காற்றும் சேர்ந்துதான் சுற்றுகிறது. ஓடுகிற ரயிலுக்குள் முன்னால் நடந்தாலும் பின்னால் நடந்தாலும் கழிவறைக்கு ஆகும் நேரம் ஒன்றே. உங்கள் கணக்கு சரியென்றால் லண்டனிலிருந்து மேற்கே நியூயார்க் போவது சீக்கிரம் முடிய வேண்டும். நடப்பது தலைகீழ்: அங்கே மேற்கே போக சுமார் 8 மணி, கிழக்கே திரும்ப 7 மணி. காரணம் ஜெட் ஸ்ட்ரீம். நடு அட்சரேகைகளில் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்றாறு.

நீங்கள் கவனித்த பாதை மட்டும் சரி. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. பல நாட்களில் இந்த விமானம் போய்வருவதற்குள் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. ஏன் என்று எண்ணில் பார்ப்போம்.

இந்த வழியில் ஓடும் ஏர்பஸ் ஏ350 பறக்கும் வேகம் மாக் 0.85. மேலே வெப்பநிலை −56.5 என்றால் ஒலியின் வேகம் மணிக்கு 1,062 கி.மீ. அதில் 0.85 பங்கு 903. இது காற்றுக்குள் வேகம். காற்றே இல்லாத நாளில் பெருவட்டப் பாதைக்கு 15,349 ÷ 903 = 17 மணி. இப்போது 16,700 கி.மீ. பாதையை அதே 17 மணியில் முடிக்க வேண்டுமானால் தரைமேல் வேகம் 982 வேண்டும். வித்தியாசம் 80 கி.மீ., அதாவது 43 நாட் (மணிக்கு 43 கடல்மைல்). வழி முழுக்கச் சராசரியாக 43 நாட் டெயில்விண்ட் (பின்னாலிருந்து தள்ளும் காற்று) கிடைத்தால் 1,350 கி.மீ. சுற்றிப் போனதற்கு நயா பைசா செலவில்லை. அதற்கு மேல் கிடைத்தால் லாபம். குளிர்காலத்தில் ஜப்பானுக்குக் கிழக்கே ஜெட் ஸ்ட்ரீமின் நடுவில் 150 நாட்டைத் தாண்டுவது சாதாரணம்.

விமானப் பாதையைத் திட்டமிடும் எங்கள் மேசையில் யாரும் தரைத்தூரத்தைக் குறைக்கப் பார்ப்பதில்லை. காற்றுக்குள் எவ்வளவு தூரம் பறக்கிறோம் என்பதுதான் எரிபொருள். கம்ப்யூட்டர் ஒவ்வொரு நாளும் அன்றைய காற்றுக்கு ஏற்ற பாதையைப் போடும். அதனால் இன்றைய பாதையும் நாளைய பாதையும் ஆயிரம் கி.மீ. விலகியிருக்கலாம்.

#7 சாங்கி_03

சரிபார்க்க ஒரு வழி. டோக்கியோ மேல போனா சாங்கி–நரிட்டா சுமார் 5,360, நரிட்டா–ஜே.எஃப்.கே. சுமார் 10,830. மொத்தம் 16,190. பெருவட்டத்தைவிட அஞ்சரை சதவீதம்தான் கூட. திரும்பும்போது ஃபிராங்க்ஃபர்ட் பக்கமா வந்தா 6,190 + 10,260 = 16,450. அறிவிப்புல இருக்கற 16,700-உம் இந்த ரகத்துச் சுத்துப்பாதைத் தூரம்தான்.

#8 மெரினா_காற்று

புரியுது. அப்போ துருவ வழியே இவங்களுக்குத் தேவைப்படாதா? அந்தப் பக்கம் குளிர்ல எரிபொருள் உறைஞ்சுடும்னு சொல்றாங்களே, உண்மையா?

#9 டிஸ்பாட்ச்_மேசை

உறைந்து கட்டியாகிவிடாது. மெழுகு பிரியத் தொடங்கும், அது வடிகட்டியை அடைக்கும். அதனால் வரம்பு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஊற்றுவது பெரும்பாலும் ஜெட் ஏ, உறைநிலை −40. சிங்கப்பூரில் ஊற்றுவது ஜெட் ஏ-1, உறைநிலை −47. ஒரே விமானம், ஒரே வழி என்றாலும் நியூயார்க்கில் கிளம்பும்போதுதான் கவலை அதிகம்.

வெளியே −68 என்றால் தொட்டியும் −68 ஆகாது. வேகமாக மோதும் காற்று சூடாகிறது, மாக் 0.85-இல் இறக்கை உணர்வது சுமார் −38. மணிக்கணக்கில் அதே நிலையில் பறந்தால் எரிபொருளும் மெல்ல அதை நோக்கி இறங்கும். வழக்கமாக உறைநிலைக்கு 3 டிகிரி மேலேயே நிறுத்த வேண்டும், ஜெட் ஏ-க்கு அது −37. ஆக −38 வரம்பைத் தாண்டிவிட்டது. செய்யக்கூடியவை: சூடான காற்று இருக்கும் உயரத்துக்கு மாறுவது, வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவது, பாதையையே மாற்றுவது. மூன்றும் எரிபொருளைத் தின்னும். ஆகவே கிளம்பும் முன்பே வெப்பநிலை வரைபடம் பார்த்துத் தீர்மானிப்பார்கள்.

குளிர் ஒன்று மட்டுமல்ல. பூமத்திய ரேகைக்கு மேல் நிற்கும் செயற்கைக்கோள்கள் 82 டிகிரிக்கு வடக்கே தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். அங்கே எச்.எஃப். (உயர் அதிர்வெண்) ரேடியோ அல்லது துருவத்தைச் சுற்றும் செயற்கைக்கோள்கள்தான் கதி. சூரியப் புயல் அடித்தால் எச்.எஃப். செத்துவிடும், கதிர்வீச்சும் கூடும். அன்று துருவப் பாதை ரத்து. இதற்கெல்லாம் மேல், 2022 பிப்ரவரிக்குப் பிறகு பல நாடுகளின் விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடிக் கிடக்கிறது. தடை இல்லாத நிறுவனங்களிலும் அதைத் தவிர்ப்பவை உண்டு. சைபீரியா இல்லாமல் அந்த 15,349 கோட்டை வரையவே முடியாது.

#10 மெரினா_காற்று

17 மணிக்கு மேல இன்னும் ஒண்ணே முக்கால் மணி எங்க போச்சு?

#11 டிஸ்பாட்ச்_மேசை

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரமில்லை, பிளாக் டைம். கேட்டிலிருந்து விமானத்தைப் பின்னால் தள்ளுவது முதல், அங்கே கேட்டில் நிற்பது வரை. ஜே.எஃப்.கே.யில் இரவு நேர வரிசையில் ஓடுபாதைக்குப் போகவே 30, 40 நிமிடம் பிடிக்கும். சாங்கியில் இறங்கி கேட்டுக்கு வர 10. ஏறும்போதும் இறங்கும்போதும் 903-இல் போவதில்லை, அதில் 15–20 நிமிடம். மிச்சம், காற்று கைகொடுக்காத நாளுக்கும் தாமதத்துக்கும் சேர்த்து நிறுவனம் வைத்துக்கொள்ளும் இடைவெளி. அதனால்தான் அரை மணி தாமதமாகக் கிளம்பியும் நேரத்துக்கு இறங்குகிறது. 2018 அக்டோபர் 11 அன்று சாங்கியிலிருந்து நியூவார்க் (நியூயார்க்கை ஒட்டிய நியூ ஜெர்சி விமான நிலையம்) கிளம்பிய முதல் ஏ350 யு.எல்.ஆர். (மிக நெடுந்தூர ரக) விமானம் 17 மணி 52 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. நிறுவனம் சொல்லியிருந்தது அதிகபட்சம் 18 மணி 45.

#12 பட்டிமன்றம்

சுற்றல் விஷயத்தில் தோல்வியை ஏற்கிறேன். ஆனா ஒரு கேள்வி பாக்கி: இவ்வளவு தூரம் போக முடியும்னா ஏன் ஊருக்கு ஊர் இப்படி நேரடி விமானம் விடலை? சாதாரண ஏ350-ல கொஞ்சம் கூடுதலா எண்ணெய் ஊத்திக்கிட்டா போச்சு.

#13 சாங்கி_03

அந்த "கொஞ்சம் கூடுதலா"தான் பிரச்சனை. சாதாரண ஏ350-900 தொட்டி சுமார் 1,41,000 லிட்டர். யு.எல்.ஆர்.ல 1,65,000. நிரப்பினா எடை சுமார் 130 டன். கிளம்பும் உச்ச எடை 280 டன். அதாவது கிட்டத்தட்ட பாதி விமானம் எரிபொருள். மணிக்கு 6 டன் பக்கம் எரியும், முதல் மணிகள்ல இன்னும் அதிகம்.

தோராய விதி ஒண்ணு உண்டு: கூடுதலா ஏத்தற எடையைத் தூக்கிட்டுப் போகவே மணிக்கு அதுல 3 சதவீதம் எரியும். 18 மணி நேரம்னா 1 டன் ஏத்தினா 400 கிலோ தன்னைத் தூக்கவே தீர்ந்துடும். அதனாலதான் ஆளைக் குறைக்கறாங்க. மொத்தம் 161 இருக்கை: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதா எகானமியே கிடையாது. முன்பக்க சரக்கு அறையையும் அடைச்சாச்சு. இப்படி 7 விமானம்தான் இருக்கு, ஏழும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்கிட்ட.

இதுக்கு முன்னாடி 2004-லயே ஏ340-500 வச்சு நியூவார்க் ஓட்டினாங்க. நாலு இன்ஜின். எண்ணெய் விலை ஏற ஏறக் கட்டுப்படி ஆகல, 2008-ல 100 பிசினஸ் இருக்கை மட்டும்னு மாத்திப் பார்த்தாங்க, 2013 நவம்பர்ல நிறுத்திட்டாங்க. ஜே.எஃப்.கே. விமானம் 2020 நவம்பர் 9-ல தொடங்கினது.

#14 கணக்குப்பிள்ளை

ஓர் எல்லையும் சொல்லிவிடுகிறேன். பூமியில் எந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே தூரம் 20,000 கி.மீ.க்குச் சற்றே மேல் போகாது, அது சுற்றளவில் பாதி. சிங்கப்பூர்–நியூயார்க் அதில் நாலில் மூன்று பங்கு. சிட்னி–லண்டன் சுமார் 17,000. அதற்கப்பால் ஆள் அதிகம் போகிற ஜோடி ஊர்களே சொற்பம்.

#15 எடிசன்வாசி

சென்னைக் கேள்வியை எல்லாரும் மறந்துட்டீங்க. சென்னை–நியூயார்க் பெருவட்டம் சுமார் 13,475 கி.மீ. நேரடி விமானம் இல்லை. லண்டன் வழியா 8,230 + 5,550 = 13,780. துபாய் வழியா 2,930 + 11,020 = 13,950. சிங்கப்பூர் வழியா 2,920 + 15,350 = 18,270. துபாயைவிட 4,300 கி.மீ. அதிகம். பறக்கற நேரம் மட்டும் கிட்டத்தட்ட நாலே முக்கால் மணி கூடும்.

அப்புறம் ஏன் சிலர் அந்த வழில போறாங்க? சாங்கியில மாறி ஏறினா ஒரே நீளத் தூக்கம். வயசானவங்களுக்கு ராத்திரி 3 மணிக்கு ஒரு ஏர்போர்ட்ல நடக்கற வேலை மிச்சம். ஆனா காசு? பிரீமியம் எகானமிதான் ஆரம்பமே. தூரத்துக்காகத் தேர்ந்தெடுக்கற வழி இது இல்லை.

நியூவார்க்கா, ஜே.எஃப்.கே.வாங்கறதையும் பாருங்க. காத்து வழில நியூவார்க் 5 கி.மீ. கிட்டக்க, அது கணக்கே இல்லை. தரைவழிலதான் வித்தியாசம். நியூ ஜெர்சியில எடிசன், ஜெர்சி சிட்டி பக்கம் போறவங்க ஜே.எஃப்.கே.ல இறங்கினா மன்ஹாட்டனையோ ஸ்டேட்டன் தீவையோ கடந்து வரணும். காலை நெரிசல்ல ஒண்ணரை, ரெண்டு மணி நேரம் சாதாரணமாப் போகும். வானத்துல மிச்சம் பிடிச்சதை டர்ன்பைக் நெடுஞ்சாலையில விடாதீங்க.

#16 சாங்கி_03

சாங்கியில மாறறவங்களுக்கு ஒரு விஷயம்: முதல் மூணு டெர்மினல்லயும் பாதுகாப்புச் சோதனை கேட் வாசல்லதான். உள்ள வாங்கின தண்ணி பாட்டில கேட்ல வச்சுட்டுதான் போகணும். காலி பாட்டிலாக் கொண்டுபோய் விமானத்துல நிரப்பித் தரச் சொல்லுங்க. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடறவங்க எந்த ஊர் மணிக்குன்னு குழம்ப வேண்டாம். கடைசி வேளைக்கு அப்புறம் எத்தனை மணி ஆச்சுன்னு எண்ணுங்க. இன்சுலின் போடறவங்க மட்டும் டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கணும்.

#17 மெரினா_காற்று

கடைசியா ஒண்ணு. ஜே.எஃப்.கே.ல திங்கள் ராத்திரி கிளம்பினா சாங்கியில புதன் காலைன்னு காட்டுது. போகும்போது மட்டும் அதே தேதில போய் இறங்குது. செவ்வாய்க்கிழமை எங்க?

#18 கணக்குப்பிள்ளை

தேதிக்கோட்டை எந்தப் பக்கம் தாண்டினோம் என்று யோசிக்கவே யோசிக்காதீர்கள், குழம்பும். எல்லாவற்றையும் யு.டி.சி.க்கு (உலகப் பொது நேரம்) மாற்றிவிடுங்கள். சிங்கப்பூர் எப்போதும் +8. நியூயார்க் கோடையில் −4, குளிரில் −5.

உதாரணத்துக்கு, கோடையில் திங்கள் இரவு 10.30-க்குக் கிளம்பினால் யு.டி.சி.யில் செவ்வாய் அதிகாலை 2.30. அதோடு 18.40 கூட்டினால் செவ்வாய் இரவு 9.10. அதோடு 8 கூட்டினால் புதன் காலை 5.10. செவ்வாய் முழுவதும் விமானத்துக்குள் கழிந்தது. எதிர்த் திசையில் அதிகாலை 2.00-க்குச் சாங்கியில் கிளம்பினால் யு.டி.சி. முந்தின நாள் மாலை 6.00. 18.20 கூட்டினால் நண்பகல் 12.20. நியூயார்க்கில் காலை 8.20, அதே தேதி.

#19 டிஸ்பாட்ச்_மேசை

இதில் ஆண்டுக்கு இரண்டு முறை ஆட்கள் மாட்டுவது கடிகார மாற்றத்தில். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே தள்ளுவார்கள். 2026-இல் மார்ச் 8, நவம்பர் 1. ஆனால் விமான நிறுவனங்களின் குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறே தொடங்கிவிடும், அது அக்டோபர் 25. இடையிலுள்ள ஒரு வாரம் இரண்டிலும் சேராதது. அந்த வாரத்தில் நியூயார்க்கில் கிளம்பும் நேரமோ சிங்கப்பூரில் இறங்கும் நேரமோ ஒரு மணி நேரம் தள்ளி இருக்கும், எது என்பது நிறுவனத்தைப் பொறுத்தது.

நியூயார்க்கில் அதே 10.30 கிளம்பல் என்றால் அக்டோபர் 31 இரவு விமானம் சாங்கியில் 5.10-க்கு இறங்கும், நவம்பர் 1 இரவு விமானம் 6.10-க்கு. சென்னைக்குக் காலை இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு மணி நேரம் சுருங்கும். ஒரே டிக்கெட்டில் இருந்தால் அவர்களே அடுத்த விமானத்தில் ஏற்றுவார்கள். தனித்தனியாக வாங்கியிருந்தால் உங்கள் பாடு. அந்த வாரத்துப் பயணம் என்றால் போன மாதம் பார்த்த நேரத்தை நம்பாமல், பயணத் தேதியையே போட்டு மறுபடி பாருங்கள்.

#20 மெரினா_காற்று

அட, நான் பார்த்து வச்சிருக்கறது அக்டோபர் 28. மறுபடி போட்டுப் பார்க்கிறேன்.